சுப்பாராவுக்கு நாம் பட்ட கடன்

காவிரியின் கடைமடையில், வயலும் கடலும் அடுத்தடுத்துக் கிடக்கும் காரைக்கால் பகுதியில், சீழ்கோக்கும் நோய்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. நாள் முழுதும் சேற்றில் ஊறிய விரலில் வருவது நகச்சுத்தி. இமையோரத்தில் சிவந்து வீங்குவது கண்கட்டி. பாலூட்டும் தாய்க்குப் பால்கட்டி, அது சீழ்வைத்தால் மார்புக்கட்டி. நீரிழிவு உள்ளவரின் பிடரியிலோ முதுகிலோ பல கண்களோடு புடைத்து உயிருக்கே உலைவைப்பது ராஜபிளவை. பெயர்கள் வேறாயினும், இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் ஒரே பாக்டீரியா.

1880-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, கொத்துக் கொத்தாகத் திரண்டிருந்த உருண்டைக் கிருமிகளைக் கண்டார். திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அவற்றுக்குப் பெயர் சூட்டினார். 1884-இல் ஜெர்மானிய மருத்துவர் ரோசன்பாக், அவற்றுள் பொன்னிறத்தில் வளரும் வகையைப் பிரித்தறிந்து 'ஆரியஸ்' என்ற அடைமொழியைச் சேர்த்தார். இலத்தீனில் அதற்குப் பொன்னிறமானது என்று பொருள்.

இக்கிருமி நம்மைவிட்டுத் தொலைவில் இருப்பதன்று. நலமாக நடமாடுவோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவரின் மூக்கினுள் அது சத்தமின்றிக் குடியிருக்கிறது. அரிவாள் வெட்டோ, முள் கீறலோ, அறுவைக் காயமோ வழிவிடும்போது உள்ளே நுழைகிறது. அங்கிருந்து இரத்தத்தில் கலந்தால் எலும்பை அரிக்கும். நுரையீரலில் சீழ் வைக்கும். இதய வால்வைச் சிதைக்கும். சமைப்பவரின் கையிலிருந்து உணவில் சேர்ந்தால் நச்சைச் சுரந்து சில மணி நேரத்தில் விருந்துண்டோரை வாந்தியில் வீழ்த்தும். அந்த உணவை மீண்டும் சூடாக்கினாலும் நச்சு அழியாது.

பச்சிலைப் பற்றும் அறுவைக் கத்தியும் மட்டுமே துணையாயிருந்த காலத்தில் இக்கிருமி இரத்தத்தை எட்டிவிட்டால் பிழைத்தவர் சிலரே. அந்த நிலையை மாற்றியவர்களின் வரிசையில், சென்னையில் மருத்துவம் பயின்று அமெரிக்காவில் மறைந்த ஓர் இந்தியரும் இருக்கிறார். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தின் கோதாவரிப் பகுதியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வறுமை வாட்டிய குடும்பம். சிறுவனாயிருந்தபோது, காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டைவிட்டு ஓடினார்; அவரைத் தேடிப் பிடித்து மீண்டும் பள்ளியில் சேர்த்தவர் அவருடைய தாயார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறையில் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார்.

இளமையில் அவர் மனம் துறவை நாடியது. ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார், தாயார் இசையவில்லை. துறவுக்குரிய தொண்டு மனப்பான்மையை மருத்துவத்தின் வழியே நிறைவேற்றலாம் என்ற எண்ணத்தோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்தார். அதற்கான செலவுக்கு நண்பர்களும், பின்னாளில் மாமனார் ஆனவரும் கைகொடுத்தனர்.

அது காந்தியடிகளின் குரல் மாணவர்களை எட்டிய காலம். சுப்பாராவ் கதராடை அணிந்து அறுவைக் கூடத்துக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் அவருக்கு முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. மாகாண மருத்துவப் பணிக்கு விண்ணப்பித்தும் இடம் கிடைக்காத நிலையில், சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியரானார்.

அவரை ஆய்வின் பக்கம் தள்ளியது ஒரு குடும்பத் துயரம். வெப்ப நாடுகளுக்கே உரிய 'ஸ்ப்ரூ' என்னும் குடல்நோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரை அடுத்தடுத்துப் பலிகொண்டது. உண்பது உடலில் ஒட்டாமல் ஆள் உருகிப் போகும் அந்நோய்க்கு அன்று மருந்தில்லை. சுப்பாராவும் அதற்கு ஆளாகி ஆயுர்வேத மருத்துவத்தால் தேறினார். மருத்துவர்கள் இருந்தும் மருந்து இல்லாததால் மனிதர் சாகிறார்கள் என்ற உண்மை, படித்த எந்தப் பாடத்தையும்விட அவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

1920-களின் தொடக்கத்தில், கருவுற்றிருந்த மனைவியை ஊரில் விட்டுவிட்டு, பாஸ்டன் நகரின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயிலக் கப்பலேறினார். சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்பதே திட்டம். ஆனால், அவர் தாய்நாட்டை மீண்டும் பார்க்கவேயில்லை. பிறந்த மகன் கைக்குழந்தையாகவே இறந்தான். தந்தை அவன் முகத்தைக் கண்டதில்லை. மனைவியையும் பிறகு சந்திக்கவில்லை.

பாஸ்டனில் உதவித்தொகை ஏதுமில்லை. மருத்துவப் பட்டயம் கையில் இருந்தும், ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் இரவுப் பணியாளாக வேலை பார்த்துக்கொண்டே படித்தார். பின்னர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பாரோடு சேர்ந்தார். இருவரும் 1925-இல் வெளியிட்ட, உடல் நீர்மங்களில் பாஸ்பரசின் அளவைக் கணக்கிடும் முறை, இன்றும் 'ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை' என்றே வழங்குகிறது. தசையின் ஆற்றல் இருப்பாகிய பாஸ்போகிரியாட்டினை 1927-இலும், உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனத்தகும் ஏ.டி.பி. என்னும் சேர்மத்தை 1929-இலும் அவர்கள் அடையாளம் கண்டனர். ஏ.டி.பி.யை ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் கண்டறிந்தார்.

1930-இல் முனைவர் பட்டம் பெற்ற பிறகும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1940-இல், நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். விரைவிலேயே அதன் ஆய்வு இயக்குநரானார். அடுத்த எட்டாண்டுகள் அவர் வாழ்வின் அறுவடைக் காலம்.

அவர் வழிநடத்திய குழு 1945-இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. தம் உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோயில் தோன்றும் இரத்தசோகைக்கு அது மருந்தாயிற்று. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற பெண்களுக்குத் தரப்படும் மாத்திரையில் இரும்புச் சத்தோடு சேர்ந்திருப்பது இந்தப் போலிக் அமிலமே. அதே அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற பொருளையும் அவர் குழு உருவாக்கியது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோயால் சாகக் கிடந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து, நோய் தற்காலிகமாகவேனும் தணிவதை 1948 ஜூன் மாதம் உலகுக்கு அறிவித்தார். புற்றுநோய்க்கான மருந்து மருத்துவத்தின் தொடக்கங்களுள் அது ஒன்று.

காவிரிக் கடற்கரைக்கு நெருக்கமான மற்றொரு மருந்தும் அந்த ஆய்வுக்கூடத்திலிருந்தே 1947-இல் வந்தது. ஹெட்ரசான் என்ற பெயரில் வெளியாகி, டி.இ.சி. என்று நம் சுகாதாரப் பணியாளர்களின் நாவில் புழங்கும் யானைக்கால் நோய் மாத்திரை அது. யானைக்கால் புழு பரவியிருந்த கடலோர மாவட்டங்களில் வீடு வீடாகச் சென்று வழங்கப்பட்டது அதுவே. வீங்கிய காலின் வெடிப்புகள் வழியாகச் சீழ்க் கிருமிகள் நுழைந்து மீண்டும் மீண்டும் காய்ச்சலை உண்டாக்குவது அந்நோயாளிகளின் தீராத வேதனை. புழுவுக்கு மருந்து கண்ட சுப்பாராவின் குழு, அதே காலத்தில் சீழ்க் கிருமிகளுக்கும் மருந்து தேடிக்கொண்டிருந்தது.

அந்தத் தேடலுக்கு அவசரத் தேவை இருந்தது. 1928-இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஸ்டாபிலோகாக்கஸ் வளர்த்திருந்த தட்டில் தற்செயலாகப் படிந்த பூஞ்சையிலிருந்து பென்சிலின் பிறந்தது. 1941-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அதை முதலில் பெற்ற நோயாளிகளுள் ஒருவரான காவலரை இக்கிருமியும் தாக்கியிருந்தது. அவர் தேறத் தொடங்கிய வேளையில் கையிருப்பு மருந்து தீர்ந்தது, அவர் இறந்தார். உலகப் போர் முடிந்தபோது பென்சிலின் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் கிருமி மாறிவிட்டிருந்தது. லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் நடத்திய ஆய்வில், பென்சிலினுக்குப் பணியாத ஸ்டாபிலோகாக்கஸின் பங்கு 1946-இல் 14 விழுக்காடாக இருந்தது. 1948-இல் 59 விழுக்காடாக உயர்ந்தது. பென்சிலினை உடைக்கும் நொதியைச் சுரக்கும் வகைகள் பிழைத்துப் பெருகின, மற்றவை மடிந்தன. அவ்வளவே நடந்தது.

சுப்பாராவ் மண்ணில் தேடச் சொன்னார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தமக்குள் போரிடச் சுரக்கும் பொருள்களுள் மனிதருக்கு உதவுவன இருக்கும் என்பது அன்றைய அறிவியலின் நம்பிக்கை. பல இடங்களிலிருந்து மண் மாதிரிகள் வரவழைக்கப்பட்டன. அவற்றைச் சோதிக்கும் பொறுப்பு பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியல் அறிஞருக்குத் தரப்பட்டது. பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, எழுபது வயதைக் கடந்திருந்த அவரைச் சுப்பாராவின் ஆய்வுக்கூடம் வரவேற்றது. மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் சோதனை வயலிலிருந்து 1945-இல் வந்த மண்ணில் அவர் தேடியது கிடைத்தது. அந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் பொன்னிறப் பொருளைச் சுரந்தது. அதற்கு 'ஆரியோமைசின்' என்று பெயரிட்டனர். கிருமியின் பெயரிலும் பொன். மருந்தின் பெயரிலும் பொன்.

பென்சிலின் பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. ஆரியோமைசின் வேறு வழியில் தாக்குகிறது. உயிரணுவுக்குள் புகுந்து புரதம் உருவாவதையே நிறுத்துகிறது. அதனால் பென்சிலினை உடைக்கக் கற்றிருந்த ஸ்டாபிலோகாக்கசும் அன்று அதற்குப் பணிந்தது. பென்சிலின் தொடவே முடியாத டைஃபஸ் வகைக் காய்ச்சல்களையும் அது குணப்படுத்தியது. ஊசியாக ஏற்ற வேண்டியதில்லை, வாய்வழி விழுங்கலாம் என்பது மற்றொரு வசதி. டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுவே. இன்று தமிழகத்திலும் புதுவையிலும் உண்ணிக்காய்ச்சலுக்கு மருத்துவர்கள் முதலில் எழுதித் தரும் டாக்சிசைக்ளின் அதே குடும்பத்தின் இளைய பிள்ளை.

1948 ஜூலையில் நியூயார்க்கில் அறிவியலாளர் கூட்டத்தில் ஆரியோமைசின் அறிமுகமானது. அடுத்த மாதமே, தம் 53-ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்தில் இறந்தார். இந்தியா விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறைந்திராத நாட்கள் அவை. காரைக்காலில் இன்னும் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. மருந்தின் காப்புரிமை டக்கரின் பெயரில் பதிவாயிற்று. ஆய்வு இயக்குநராயிருந்தும், கண்டுபிடிப்புகளில் உடன் உழைத்தவர்களை முன்னே நிறுத்தித் தாம் பின்னே நிற்பது சுப்பாராவின் இயல்பு. இந்திய அரசு அவர் நூற்றாண்டையொட்டி 1995-இல் அஞ்சல்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சை இனத்துக்கு அவர் பெயரால் 'சுப்பாரோமைசஸ்' என்று அறிவியலாளர் பெயர் சூட்டியுள்ளனர். நம் பாடநூல்களில் ஃபிளெமிங் பெற்ற இடம் அவருக்குக் கிடைத்ததில்லை.

இந்தப் புறக்கணிப்பைப் பற்றி எழுதியவர் பலர். அதைவிடப் பெரிய புறக்கணிப்பு ஒன்றுண்டு. அவர் தந்த மருந்துகளை நாம் நடத்திய விதம் அது.

அவர் மறைந்த சில ஆண்டுகளிலேயே, மருத்துவமனைகளில் உலவிய ஸ்டாபிலோகாக்கஸ் டெட்ராசைக்ளினுக்கும் பணிய மறுக்கத் தொடங்கியது. ஆரியோமைசின் தயாரிப்பில் மிஞ்சிய கழிவைத் தீவனத்தில் கலந்தால் கோழிகள் விரைந்து வளர்கின்றன என்று அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1950-இல் அறிவித்தனர். நோயில்லாத கோழிக்கும் பன்றிக்கும் கொழுக்க வைப்பதற்காகவே நுண்ணுயிர்க்கொல்லியை நாள்தோறும் ஊட்டும் வழக்கம் உலகெங்கும் பரவியது. உயிர்காக்க வந்த மருந்து எடை கூட்டும் தீவனமாயிற்று. சிறு அளவில் இடைவிடாது மருந்தைச் சந்திக்கும் கிருமிக்கு, அதை வெல்லப் பயிற்சி தருவதைப் போன்றது இது.

பென்சிலினை உடைக்கும் கிருமிக்கென்றே உருவாக்கப்பட்ட மெத்திசிலின் 1960-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்தது. 1961-இலேயே அதற்கும் பணியாத ஸ்டாபிலோகாக்கஸ் இங்கிலாந்தில் தென்பட்டது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று மருத்துவமனைகள் அஞ்சும் வகை அதுவே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பின் அண்மைக்கால ஆண்டறிக்கைகள், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் கிடைத்த ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இவ்வகை என்கின்றன. அந்த வலையமைப்பில் ஸ்டாபிலோகாக்கஸ் வகைகளுக்குப் பொறுப்பான முதன்மை மையம் புதுச்சேரி ஜிப்மர். பிரெஞ்சு ஆட்சியில் 1823-இல் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அது. காரைக்காலிலும் அதற்கு ஒரு மருத்துவக் கல்லூரி வளாகம் உண்டு. நாட்டுக்கே எச்சரிக்கை மணி அடிக்கும் ஆய்வுக்கூடம் இருப்பது நம் கைக்கெட்டும் தொலைவில்தான்.

மணி ஒலிப்பது நம் காதில் விழவேண்டும். தீவிரமான நுண்ணுயிர்க்கொல்லிகள் சிலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது, விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நடப்பில் உள்ளது. கோலிஸ்டின் என்னும் கடைசிப் புகலிட மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தருவதை மத்திய அரசு 2019-இல் தடைசெய்தது. விதிகள் நல்லவையே. ஆயினும் காய்ச்சலென்று கடைக்குப் போய் இரண்டு நாளுக்கு மாத்திரை வாங்குவதும், முன்பு மிஞ்சியதை எடுத்து விழுங்குவதும், வைரஸால் வந்த சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு மருத்துவரை நெருக்குவதும் நம் வீடுகளில் இன்றும் நடப்பவை. கேட்டதை எழுதித் தந்து நோயாளியைத் தக்கவைத்துக்கொள்ளும் மருத்துவரும் இதில் பங்காளியே.

செய்யவேண்டியவை எட்டாதவை அல்ல. சிறு கட்டிகள் பலவற்றுக்கு, மருத்துவரிடம் சென்று சீழை வெளியேற்றித் தூய்மையாகக் கட்டுப்போட்டாலே போதும், மாத்திரை தேவைப்படாது. ராஜபிளவை போன்ற கடுமையான தொற்றுகளில், இயன்றவரை சீழைச் சோதனைக்கு அனுப்பி எந்த மருந்துக்குக் கிருமி பணிகிறது என்று அறிந்து கொடுக்கவேண்டும். மாவட்ட மருத்துவமனைகளிலேனும் அச்சோதனை தடையின்றிக் கிடைப்பது அரசின் கடமை. மருத்துவமனைகளில் இக்கிருமி பெரும்பாலும் பணியாளர்களின் கைகளின் வழியே ஒரு நோயாளியிடமிருந்து மற்றவருக்குப் பரவுகிறது. நோயாளிக்கு நோயாளி கை கழுவுவது எந்தப் புதிய மருந்தையும்விட மலிவானது.

மற்ற பொருள்களை ஒருவர் வீணாக்கினால் இழப்பு அவருக்கு மட்டுமே. நுண்ணுயிர்க்கொல்லியை ஒருவர் வீணாக்கினால், முகமறியாத இன்னொருவருக்கு அது பயன்படாமல் போகும். அந்த வகையில் அது ஊர்ப் பொதுக்குளத்து நீரைப் போன்றது. மருந்தில்லாமல் உடன்பிறந்தாரை இழந்த ஒரு மனிதர், மனைவியையும் மண்ணையும் பிரிந்து, அந்தக் குளத்தில் நீர் சேர்த்துவிட்டுப் போனார். மருந்து இருந்தும் பலிக்காமல் நம் பிள்ளைகள் இறக்கும் நிலை வந்தால், அவர் எந்தத் துயரிலிருந்து புறப்பட்டாரோ அதே இடத்துக்கு நாம் திரும்பிச் சென்றவர்கள் ஆவோம். அவருக்குச் சிலை வைப்பதும் பாடநூலில் இடம் தருவதும் நல்லதே. மருந்துக்கடையில் சீட்டின்றி மாத்திரை கேட்காமல் திரும்பும் ஒவ்வொருவரும் அவருக்குப் பட்ட கடனில் ஒரு பங்கைத் தீர்க்கிறார்கள்.